முதல் கேமரா வாங்கும் முன்: தொழிலாகப் படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் போட வேண்டிய கணக்கு

நிச்சயதார்த்தம், திருமணம், வளைகாப்பு, பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் விருந்து என மலேசிய இந்தியர் குடும்பங்களில் வாரக் கடைசி நாள்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நாள்களே. அந்த நிகழ்ச்சிகளில் படம் எடுத்துப் பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ சம்பாதிக்க நினைக்கும் இளைஞர்கள் ஏராளம். எஸ்பிஎம் முடித்தவர், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் எனப் பலரும் இந்தத் துறைக்கு வருகிறார்கள்.

இவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தக் கேமரா நல்ல கேமரா?”

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், யூடியூப் ஒரு பதில் சொல்லும், தெரிந்த அண்ணன் ஒருவர் வேறொரு பதில் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாயாரின் சேமிப்பை எடுத்தோ தவணை முறையிலோ விலையுயர்ந்த கேமரா ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு லென்ஸ் வாங்கப் பணம் இருப்பதில்லை. தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும்.

“எந்தக் கேமரா நல்லது?” என்பதற்குப் பதிலாக, “வாடிக்கையாளர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்?” என்று கேட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

இன்று திருமணத்துக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கேமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், அசையாமல் நிற்பவர்களைக் கைத்தொலைபேசியே அழகாக எடுத்துவிடும். அதையும் தாண்டி ஒரு குடும்பம் புகைப்படக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வெளிச்சம் குறைந்த இடத்திலும் அசையும் மனிதர்கள் தெளிவாக விழ வேண்டும். இரண்டாவது, பெரிய ஆல்பத்தில் அச்சிட்டாலும் படம் கெடக்கூடாது. மூன்றாவது, எடுத்த படம் எக்காரணம் கொண்டும் தொலைந்துவிடக் கூடாது.

கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரை சில வினாடிகள்தான். மணமகனை மீண்டும் ஒருமுறை தாலி கட்டச் சொல்ல முடியாது. முதல் கேமராவின் ஒவ்வொரு அம்சத்தையும் இந்தச் சில வினாடிகளை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

வெளிச்சத்தைத் தருவது லென்ஸ்

கோயில் மண்டபத்தில் நடக்கும் காலை முகூர்த்தமானாலும், விருந்து மண்டபத்தில் நடக்கும் இரவு விருந்தானாலும் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் கேமராவுக்குப் போதாது. புதியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அவர்களிடம் இருப்பது கேமராவோடு சேர்ந்து பெட்டியில் வரும் ‘கிட்’ லென்ஸ்.

லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை எஃப் எண் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் வாய் பெரியது என்று பொருள். கிட் லென்ஸை முழுதாக நீட்டினால் அது பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது அதைவிடச் சிறிய துளையோடு நின்றுவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 2.8 லென்ஸ் 4 மடங்கு ஒளியை விடும்.

இதன் பலன் படத்தில் நேரடியாகத் தெரியும். அட்சதை தூவும் கையும் மாலை மாற்றும் கையும் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் குறைந்தது 125இல் ஒரு பங்கு வினாடியாவது இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு எஃப் 5.6 லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 தேவைப்படுகிறது என்றால், எஃப் 1.8 லென்ஸில் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 640 போதும். முதல் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் இருக்கும். இரண்டாவது படம் சுத்தமாக இருக்கும். கேமரா இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே கையிருப்புப் பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிட்டு கிட் லென்ஸோடு நிற்பதைவிட, ஒரு படி குறைந்த கேமராவும் நல்ல லென்ஸும் வாங்குவது மேல்.

எஃப் 1.8 லென்ஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. முழுதாகத் திறந்து எடுத்தால் மணமகளின் முகம் தெளிவாக இருக்கும்போது, சற்றுப் பின்னால் இருக்கும் மணமகனின் முகம் மங்கலாகலாம். இருவரும் தெளிவாக வர எஃப் 2.8 அல்லது எஃப் 4 வைத்துக்கொள்ள வேண்டும். மேலும் மணவறை அருகே உறவினர்கள் சூழ்ந்துகொள்ளும்போது பின்னால் நகர இடம் இருக்காது. ஒரே அளவில் நிற்கும் 50 மிமீ லென்ஸ் அங்கே நெருக்கமாகிவிடும். அகலமாகவும் சற்று நெருக்கமாகவும் எடுக்கக்கூடிய எஃப் 2.8 ஜூம் லென்ஸே தொழிலுக்கு முதல் லென்ஸாக வசதியானது. சிக்மா 18–50 மிமீ, டாம்ரன் 17–70 மிமீ ஆகியவை சிறிய சென்சார் கேமராக்களுக்கென்று வந்த எஃப் 2.8 லென்ஸ்கள். இத்தகைய லென்ஸ் தேர்ந்தெடுக்கும் கேமராவுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

‘புல் பிரேம்’ கட்டாயமா?

சென்சார் என்பது ஒளியைப் பதிவு செய்யும் தகடு. ‘புல் பிரேம்’ எனப்படும் முழு அளவு சென்சார் 36 மிமீ அகலமும் 24 மிமீ உயரமும் கொண்டது. ‘ஏபிஎஸ்-சி’ எனப்படும் சிறிய சென்சார், சோனி, நிக்கோன், ஃபூஜிஃபிலிம் கேமராக்களில் சுமார் 23.5 மிமீக்கு 15.6 மிமீ. கெனனில் அது இன்னும் சற்றுச் சிறியது. பரப்பளவில் முழு அளவு சென்சார் 2 மடங்குக்கும் அதிகம் என்பதால் இருட்டில் அதன் படம் சுத்தமாக இருக்கும்.

ஆனால் முழு அளவு கேமராவுக்கு ஏற்ற எஃப் 2.8 லென்ஸ்கள் கனமானவை, விலையும் அதிகம். முழு அளவு கேமராவை எஃப் 5.6 லென்ஸோடு பயன்படுத்துபவரைவிட, சிறிய சென்சார் கேமராவை எஃப் 2.8 லென்ஸோடு பயன்படுத்துபவர் இருட்டில் நல்ல படம் எடுப்பார். லென்ஸையும் சேர்த்து வாங்கப் பணம் இருந்தால் முழு அளவு கேமராவுக்குப் போகலாம். இல்லையென்றால் சிறிய சென்சாரில் தொடங்குவதில் தவறில்லை.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரமான அச்சில் அது 20 அங்குல அகலத்துக்குத் தாங்கும். திருமண ஆல்பத்துக்கு அது போதும். 45 மெகாபிக்சல் வாங்கினால் கோப்புகளும் பெரிதாகும். அவற்றைத் திறக்கக் கணினியையும் மாற்ற வேண்டி வரலாம்.

இரண்டு கார்டு, ஒரே படம்

மெமரி கார்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கெட்டுப்போகக்கூடிய பொருள். ஒரே கார்டில் எடுத்து அது திறக்காமல் போனால், அந்தத் திருமணத்தின் படங்கள் அவ்வளவுதான். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதனால்தான் தொழில்முறைக் கேமராக்களில் இரண்டு கார்டு போட இடம் வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி அமைத்துக்கொள்ளலாம். தொடக்க நிலைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை. விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடுவதும் இல்லை. வாங்கும்போது கார்டு மூடியைத் திறந்து எண்ணிப் பார்ப்பதே நல்லது.

சோனி ஏ7 III, நிக்கோன் இசட்5, கெனன் ஆர்7 ஆகியவற்றில் இரண்டு கார்டு இடம் உண்டு. கெனன் ஆர்50, நிக்கோன் இசட்50, சோனி ஏ6400 ஆகியவற்றில் ஒன்றுதான். ஒரு கார்டு கேமராவை வைத்துக்கொண்டு உதவியாளராகப் பழகலாம், பிறந்தநாள் விழா எடுக்கலாம், பொருள்களைப் படம் பிடிக்கலாம். ஆனால் தனி ஆளாக ஒரு திருமணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டு கார்டு இடம் இருப்பது அவசியம்.

எல்இடி விளக்கும் கோடு விழும் படமும்

மண்டபங்களில் எல்இடி விளக்குகள் வந்த பிறகு புதிய சிக்கல் ஒன்றும் வந்திருக்கிறது. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் குறுக்குக் கோடுகளாகவோ, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் விழுவதாகவோ தெரியும்.

மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு. பல கேமராக்களில் அதைப் பயன்படுத்தும்போதுதான் இந்தக் கோடுகள் மோசமாக விழும். எனவே இயந்திர ஷட்டரும், மினுக்கலைக் குறைக்கும் ‘ஆன்டி பிளிக்கர்’ வசதியும் உள்ள கேமராவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த வசதி இல்லையென்றால், அசைவு அதிகம் இல்லாத நேரத்தில் ஷட்டரை 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்கு வினாடியில் வைத்தால் கோடுகள் வெகுவாகக் குறையும்.

கேமராவின் தானியங்கி அளவீட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. காட்சி முழுவதும் நடுத்தர வெளிச்சம் உள்ளது என்று வைத்துக்கொண்டே கேமரா கணக்குப் போடும். மணமகனின் வெள்ளை வேட்டியும் மணவறையின் வெள்ளை அலங்காரமும் படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பலிகடா ஆவது மணமக்களின் மாநிறமோ கறுப்போ ஆன முகங்கள்தான். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனிச் சக்கரம் உள்ள கேமராவில் இதை ஒரு விரலால் சரிசெய்யலாம். மெனுவுக்குள் நுழைந்து தேட வேண்டிய கேமராவில் அதற்குள் சடங்கு முடிந்துவிடும்.

கேமராவோடு ஒரு குடும்பமும் வருகிறது

கேமராவின் உடல் சில ஆண்டுகளில் மாறும். லென்ஸ் 10 ஆண்டுகளுக்கு மேலும் கூடவே இருக்கும். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் கேமராவில் பொருந்தாது. எனவே கேமரா வாங்குவது என்பது ஒரு லென்ஸ் குடும்பத்துக்குள் நுழைவதாகும்.

சோனியின் ஏ7 வரிசை 2013இல் வந்தது. கெனனும் நிக்கோனும் 2018இல் முழு அளவு மிரர்லெஸ் கேமராக்களை வெளியிட்டன. அதன் பிறகு புதிய லென்ஸ்களும் புதிய தொழில்நுட்பமும் பெரும்பாலும் மிரர்லெஸ் பக்கமே போகின்றன. புதிதாக வாங்குபவர் மிரர்லெஸ் பக்கம் போவது இயல்பு.

ஆனாலும் கையில் பணம் குறைவாக இருப்பவருக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் கைகொடுக்கும். முகூர்த்தத்தைத் தெளிவாக எடுக்கும் திறன் அவற்றுக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் லென்ஸ்களும் இரண்டாம் கை விலையில் கிடைக்கின்றன. கெனனின் இஎஃப் லென்ஸ்களை இணைப்பு வளையம் போட்டுப் பின்னாளில் அதே நிறுவனத்தின் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் பயன்படுத்தலாம். நிக்கோனிலும் இணைப்பு வளையம் உண்டு. ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் அதில் தானாகக் குவியாது.

கெனனின் எம் வரிசை மிரர்லெஸ் கேமராக்கள் இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பழகுவதற்கு அவை நல்லவை. ஆனால் அவற்றின் இஎஃப்-எம் லென்ஸ்களை ஆர் வரிசையில் பொருத்த முடியாது. தொழிலாக வளர நினைப்பவருக்கு அது முட்டுச்சந்து.

இரண்டாம் கை வாங்கும்போது

இயந்திர ஷட்டருக்கு ஆயுள் உண்டு. தொடக்க நிலைக் கேமராக்களுக்கு ஏறத்தாழ 100,000 முறை, உயர்ந்த கேமராக்களுக்கு 150,000 அல்லது 200,000 முறை என நிறுவனங்கள் குறிப்பிடுவதுண்டு. ஒரு திருமணத்தில் 2,000 படம் எடுத்தால் 50 திருமணங்களில் 100,000 ஆகிவிடும். ஆகவே “இரண்டு ஆண்டுதான் பயன்படுத்தினேன்” என்ற சொல்லைவிட ஷட்டர் எண்ணிக்கையே முக்கியம். சில கேமராக்களில் அது படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். மற்றவற்றுக்குத் தனி மென்பொருள் தேவை.

சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 16க்குக் குறைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசியும் கீறலும் தெரியும். டார்ச் விளக்கை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பார்த்தால், சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். இரண்டு கார்டு இடத்திலும் கார்டு போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பிளாஷ் பொருத்தியும் சோதிக்க வேண்டும். கேமராவின் வரிசை எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும்.

புதிய கேமராவிலும் ஒரு கவனம் தேவை. ஒரே மாடலுக்குக் கடைகளில் இரண்டு விலை சொல்வதுண்டு. விலை குறைந்தது பெரும்பாலும் ‘ஏபி செட்’டாக இருக்கும். அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராத பொருள் அது. உத்தரவாதம் கடையுடையது மட்டுமே, நிறுவனத்துடையது அல்ல. அது போலிப் பொருள் என்று பொருளல்ல. ஆனால் பழுதானால் எங்கே கொண்டு போவது, எத்தனை நாளாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு மாதம் கேமரா இல்லாவிட்டால் ஒரு மாத வருமானமும் இல்லை.

6,000 வெள்ளியை எப்படிப் பிரிப்பது?

கையில் 6,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை இப்படிப் பிரிக்கலாம்.

கேமரா: 2,800 வெள்ளி
லென்ஸ்: 1,500 வெள்ளி
பிளாஷ்: 500 வெள்ளி
மெமரி கார்டுகளும் கூடுதல் பேட்டரிகளும்: 500 வெள்ளி
படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்: 400 வெள்ளி
ஈரப்பதம் தாக்காத பெட்டி: 300 வெள்ளி

கையிருப்பைப் பொறுத்துத் தொகை மாறலாம். கேமராவின் உடலுக்குப் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பதே இங்கு முக்கியம்.

கடைசி இரண்டு செலவுகளைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். ரா கோப்பு ஒன்று 30 மெகாபைட் என்றால், 3,000 படங்கள் கொண்ட ஒரு திருமணம் 90 கிகாபைட். சில திருமணங்களிலேயே மடிக்கணினி நிரம்பிவிடும். ஆல்பம் கைமாறும் வரை படங்கள் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

ஈரப்பதப் பெட்டியும் ஆடம்பரம் அல்ல. இந்நாட்டில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டை எட்டும். பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருந்தால் லென்ஸ் பிழைக்கும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். நிகழ்ச்சிக்குச் சற்று முன்னதாகவே சென்று, பையோடு வெளியே வைத்துச் சூடேற விட வேண்டும்.

இனி வருமானக் கணக்கு. உதவிப் புகைப்படக்காரராக ஒரு நிகழ்ச்சிக்கு 300 வெள்ளி கிடைப்பதாகக் கொண்டால், 6,000 வெள்ளி முதலீடு 20 நிகழ்ச்சிகளில் திரும்பும். மாதம் இரண்டு நிகழ்ச்சி என்றால் 10 மாதம். இதே ஆள் 15,000 வெள்ளிக் கருவிகளோடு தொடங்கினால் 50 நிகழ்ச்சிகள், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல். தொடக்கத்தில் வாடிக்கையாளர் இருவருக்கும் தரப்போவது அதே 300 வெள்ளிதான். தவணையில் வாங்கினால் வட்டி வேறு சேரும். நிகழ்ச்சிகள் குறையும் ஆடி மாதத்திலும் மார்கழியிலும்கூடத் தவணை நிற்காது.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு

கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்கு விடும் கடைகள் கோலாலம்பூர் போன்ற நகரங்களில் உள்ளன. வாங்க நினைக்கும் அதே கேமராவை ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுத்து, உறவினர் வீட்டு நிகழ்ச்சி ஒன்றில் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. கைக்கு அடக்கமாக இருக்கிறதா, எட்டு மணி நேரம் தூக்க முடிகிறதா, ஹோமப் புகைக்கு நடுவே முகத்தைப் பிடித்துக் குவிக்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதெல்லாம் கடையின் கண்ணாடி மேசையில் தெரியாது.

அனுபவமுள்ள புகைப்படக்காரர் ஒருவரிடம் சில மாதங்கள் உதவியாளராகச் சேர்வதும் பயன் தரும். அவரிடம் சேர்ந்து வேலை செய்வதாக இருந்தால் அவர் பயன்படுத்தும் நிறுவனத்தின் கேமராவையே வாங்குவதில் ஒரு வசதி உண்டு. அவசரத்தில் லென்ஸும் பேட்டரியும் இரவல் கிடைக்கும். படங்களின் நிறமும் ஒத்துப்போகும்.

முதல் தனித் திருமணத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் இன்னொன்றும் தேவைப்படும்: இரண்டாவது கேமரா. அதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. நண்பரிடம் இரவலாகவோ, அன்றைய நாளுக்கு வாடகையாகவோ வாங்கிக்கொள்ளலாம். அந்த வாடகையை வாடிக்கையாளரிடம் சொல்லும் விலையிலேயே சேர்த்துவிட வேண்டும். முகூர்த்த நேரத்தில் ஒரு கேமரா நின்றுபோனாலும் மற்றொன்று கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.